வீட்டுக் கழிவுநீரும் புற்றரையும்

நம் நகரங்களின் எல்லைப்புறங்களில் புதிய வீடுகள் எழுந்தவண்ணம் உள்ளன. பாதாளச் சாக்கடை எட்டாத இப்பகுதிகளில் வீடு கட்டுவோர் பெரும்பாலும் செப்டிக் தொட்டி ஒன்றைப் பூமிக்குள் அமைக்கின்றனர். அதற்குச் செங்கல், சிமெண்டு, கூலி ஆகியவற்றிற்காகக் கணிசமான பணத்தைச் செலவிடவும் அவர்கள் தயங்குவதில்லை. ஆனால் தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் எங்கே செல்ல வேண்டும் என்னும் வினா எழும்போது, அதனைத் தெருவோரச் சாக்கடையில் சேர்த்துவிட்டு, எஞ்சிய முற்றம் முழுவதையும் சிமெண்டினால் மூடிவிடுகின்றனர். இது பாதி வேலையை மட்டும் செய்துவிட்டு முழு வேலையும் முடிந்ததெனக் கருதும் பிழையாகும். தொட்டி செய்வது பாதி வேலை. மற்றப் பாதியைச் செய்ய வேண்டியது மண். அந்த மண்ணைக் காப்பதற்கு எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பது புல். இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பிரச்சினை ஒரு சில இல்லங்களுக்கு மட்டும் உரியதன்று. 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களிலுள்ள குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 33 மட்டுமே குழாய்ச் சாக்கடையுடன் இணைக்கப்பட்ட கழிவறைகளைப் பெற்றிருந்தன. செப்டிக் தொட்டியை நம்பியிருந்தவை நூற்றுக்கு ஏறத்தாழ 38. அதாவது, நகர மக்களின் கழிவைப் பெறும் பொறுப்பில் சாக்கடையைக் காட்டிலும் பெரும் பங்கு வீட்டுத் தொட்டிகளுடையதாகவே இருந்தது. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் பயனாகக் கழிவறைகள் மேலும் பெருகின. கழிவறை பெருகப் பெருக, அதிலிருந்து வெளியேறும் நீரைப் பற்றிய கவலையும் பெருக வேண்டுமன்றோ?

செப்டிக் தொட்டி என்பது யாது, அது என்ன செய்கிறது என்பதை முதலில் தெளிவாக அறிதல் நலம். இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரில் டொனால்டு காமெரன் என்னும் பொறியியலறிஞர் 1895-ஆம் ஆண்டையொட்டி அமைத்த தொட்டிக்கு இப்பெயர் இடப்பட்டது. காற்றுப் புகாத அத்தொட்டியில் கழிவுநீர் ஒரு நாள் அல்லது இரண்டு நாள் தங்குகிறது. கனமான பொருள்கள் கீழே மண்டியாகப் படிகின்றன. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கின்றன. பிராணவாயு இன்றி வாழும் நுண்ணுயிர்கள் அம்மண்டியைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. இடைப்பட்ட நீர் மட்டும் வெளியேறுகிறது.

அவ்வாறு வெளியேறும் நீரைத் தூய நீர் என்று பலர் எண்ணுகின்றனர். இஃது ஆபத்தான எண்ணம். கழிவுநீரில் உள்ள அழுகும் பொருளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலேயே தொட்டியில் குறைகிறது. டைபாய்டு, வாந்திபேதி, சீதபேதி, மஞ்சட்காமாலை ஆகிய நோய்களை உண்டாக்கும் கிருமிகளும் வைரசுகளும் குடற்புழுக்களின் முட்டைகளும் அந்நீரில் இருக்கக்கூடும். அதனைத் தெருச் சாக்கடையில் விடுவது, வீட்டின் அசுத்தத்தை அண்டை வீட்டாரின் வாயிலுக்கு அனுப்புவதே அன்றி வேறன்று.

எஞ்சிய வேலையைச் செய்ய வல்லது மண்ணின் மேற்படலம். தொட்டியிலிருந்து வரும் நீரை, நிலத்தில் அதிக ஆழமில்லாத நீண்ட பள்ளங்களின் வழியே பரவச் செய்தால், அது சரளையின் ஊடே மெல்ல இறங்கி மண்ணைச் சேருகிறது. மண்ணின் நுண்துளைகளில் காற்று இருக்குமாயின், பிராணவாயுவைக் கொண்டு வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அந்நீரிலுள்ள அழுக்கை உண்டு தீர்க்கின்றன. நோய்க்கிருமிகள் மண் துகள்களிற் சிக்கியும், ஆகாரமின்றியும், பிற உயிர்களுக்கு இரையாகியும் மடிகின்றன. நீர் தேங்காத நல்ல மண்ணில் ஒரு மீட்டர் ஆழம் இறங்குவதற்குள் அவற்றிற் பெரும்பாலானவை அகன்றுவிடும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மண் மூச்சுவிட வேண்டும். காற்று அடைபட்டால், சரளைக்கும் மண்ணுக்கும் இடையே கரிய வழுவழுப்பான படலம் தடித்து, நீர் இறங்கும் துளைகளை அடைத்துவிடும்.

இங்குதான் புல்லின் பணி தொடங்குகிறது. புல்லின் வேர் மெல்லியது, கற்றையானது, பெரும்பாலும் மேல்மண்ணின் ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் ஆழத்திற்குள் அடங்குவது. ஆதலின் கீழேயுள்ள குழாயை அது பெயர்ப்பதில்லை. மண்ணைக் கெட்டிப்படாமல் காக்கிறது. மழை மேட்டை அரித்துச் செல்லாவண்ணம் பிடித்துக்கொள்கிறது. மேலும், மண்ணிலிருந்து மேலேறும் ஈரத்தை உறிஞ்சி இலைகளின் வழியே ஆவியாக வெளியேற்றுகிறது. கழிவிலுள்ள அம்மோனியா, மண்ணின் பாக்டீரியாக்களால் நைட்ரேட்டாக மாறும். இந்த நைட்ரேட்டு கிணற்று நீரிற் சேருமாயின் கைக்குழந்தைகளுக்குத் தீங்கு விளைவிக்கும். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மிகுதல் கூடாதென இந்தியத் தர விதி வரையறுத்துள்ளது. அந்நைட்ரேட்டில் ஒரு பகுதியைப் புல் தன் உணவாகக் கொள்கிறது. முழுவதையும் கொள்ளும் என்று கூறுவது மிகையாகும். ஒரு பகுதியைக் கொள்வதே பெரும் உதவி.

புல்லுக்குப் பதிலாக மரம் நட்டால் என்ன என்று கேட்கலாம். நிழலும் பயனும் தரும் மரங்களை விரும்புவது நம் இயல்பு. எனினும் ஆல், அரசு, அத்தி, முருங்கை, வேம்பு போன்றவற்றின் வேர்கள் ஈரத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்வன. இணைப்பு திறந்த குழாய்களுக்குள் நுழைந்து நீரோட்டத்தை அடைத்துவிடும். தொட்டியின் சுவரையும் பிளக்கும். காய்கறித் தோட்டம் இடுவது அதனினும் தகாத செயல். கீரையும் கொத்தமல்லியும் முள்ளங்கியும் மண்ணோடு ஒட்டி வளர்பவை. உருண்டைப் புழுவின் முட்டைகள் மண்ணிற் பல ஆண்டுகள் உயிரோடிருக்க வல்லவை. பச்சையாக உண்ணும் கீரை வழியே அவை மீண்டும் நம் வயிற்றை அடையும். இதே காரணம் பற்றி, ஈரம் மேலெழும் நிலத்திலுள்ள புல்லை அறுத்துப் பசுவுக்கு இடுவதும் ஆகாது. நாடாப்புழுவின் முட்டைகள் மாட்டின் உடலிற் புகுந்து வளரக்கூடும். குளியல் நீரில் வாழை வளர்க்கும் வழக்கம் நல்லதே. ஆனால் அதனைக் கழிவறை நீருக்கு விரித்தல் தவறு.

சிமெண்டுத் தளத்தை ஆதரிப்போரின் வாதத்தையும் நாம் புறக்கணித்தல் கூடாது. தளம் இட்டால் சேறு இராது. மழைநீர் பள்ளத்தில் இறங்காது. மோட்டார் வண்டியை நிறுத்தலாம் என்று அவர்கள் கூறுகின்றனர். இக்கட்டுரையாளர் கங்கைச் சமவெளியிலுள்ள ஒரு சிறு நகரில் சில ஆண்டுகள் குடியிருந்தபோது, இவ்வாதத்தின் விளைவை நேரிற் காண நேர்ந்தது. வீட்டின் பின்புறம் அருகம்புல் வளர்ந்த மேடு ஒன்று இருந்தது. அதன் கீழே கழிவுநீர்ப் பள்ளங்கள் இருப்பதை அறிந்திருந்தும், வண்டி நிறுத்துவதற்கென உரிமையாளர் மேட்டைச் சமன் செய்து சிமெண்டுக் கற்களைப் பரப்பினார். முதல் மழைக்காலம் ஒருவாறு கழிந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் கழிவறையில் நீர் இறங்க மறுத்தது. கற்களின் இடுக்குகளிலிருந்து கருநிற நீர் கசிந்தது. தோண்டிப் பார்த்தபோது, வண்டியின் பாரத்தால் குழாய் நொறுங்கியிருந்தது. சரளை கரிய சேற்றால் அடைபட்டிருந்தது. அண்டை வீட்டின் அடிபம்பு அங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. அவ்வீட்டுக் குழந்தைகள் அந்நீரைப் பருகி வந்தனர் என்பதை நினைக்குந்தோறும் இன்றும் உள்ளம் நடுங்குகிறது. மழைநீரை விலக்குவதற்குத் தளம் தேவையில்லை. மண்ணை நடுவில் உயர்த்தி இருபுறமும் சரித்து, மேலே புல்லை வளர்த்தால் பெரும்பகுதி மழைநீர் தானே வழிந்தோடும்.

இவ்வமைப்பு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே வகுக்கப்பட்ட விதி உண்டு. அக்காலத்து இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1985-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட ஐ.எஸ். 2470 என்னும் விதித் தொகுப்பின் முதற் பகுதி தொட்டியைப் பற்றியது. இரண்டாம் பகுதி, தொட்டியிலிருந்து வெளியேறும் நீரைப் பற்றியது. நம் கொத்தனார்களும் வீட்டுக்காரர்களும் முதற் பகுதியோடு நின்றுவிட்டனர் என்பதே வருந்தத்தக்க உண்மை. இரண்டாம் பகுதியின்படி, உறிஞ்சு பள்ளம் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை ஆழமும், 30 முதல் 100 சென்டிமீட்டர் வரை அகலமும் கொண்டதாக இருக்கலாம். அடியிற் கழுவிய சரளை அல்லது ஜல்லி இட்டு, அதன்மேல் இணைப்பு திறந்த குழாய்களை வைத்து, மீண்டும் ஜல்லியால் மூடி, தோண்டிய மண்ணையே இட்டு, தரைமட்டத்திற்கு மேல் சிறு மேடாக முடிக்க வேண்டும். ஒரு பள்ளம் 30 மீட்டருக்கு மேல் நீளலாகாது. இரு பள்ளங்களுக்கிடையே 1.8 மீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டரும், குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டரும் தள்ளியிருத்தல் வேண்டும்.

எவ்வளவு நிலம் தேவைப்படும் என்பதை ஓர் எளிய பரிசோதனையால் அறியலாம். பள்ளம் தோண்டவிருக்கும் ஆழத்திற்குச் சிறு குழி ஒன்று வெட்டி, அடியிற் சிறிது சரளை இட்டு, நீர் நிரப்பி ஓர் இரவு ஊற விட வேண்டும். மறுநாள் மீண்டும் நீர் ஊற்றி, அது 25 மில்லிமீட்டர் இறங்குவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கிட வேண்டும். 25 நிமிடம் ஆகுமாயின், அம்மண் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் நீரை ஏற்கும் எனக் கொள்ளலாம். ஐவர் கொண்ட குடும்பத்திலிருந்து தொட்டிக்கு நாள்தோறும் 500 லிட்டர் நீர் வருவதாகக் கொண்டால், பள்ளத்தின் அடிப்பரப்பு பன்னிரண்டரைச் சதுர மீட்டர் இருத்தல் வேண்டும். 75 சென்டிமீட்டர் அகலத்தில், எட்டரை மீட்டர் நீளமுள்ள இரு பள்ளங்கள் இதற்குப் போதும். இடைவெளியையும் சேர்த்து, புல் வளர்க்க வேண்டிய பரப்பு சுமார் 28 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 300 சதுர அடி. கோடையில் புல்லும் மண்ணும் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் அளவு நீரை ஆவியாக்கினால், இப்பரப்பிலிருந்து 140 லிட்டர் நீர் வானை நோக்கிச் செல்லும். மழைக்காலத்தில் இவ்வளவு எதிர்பார்க்க இயலாது. ஆதலின் புல்லை நம்பிப் பள்ளத்தின் அளவைக் குறைத்தல் கூடாது.

நம் நாட்டின் மண் எங்கும் ஒரே தன்மையுடையதன்று. கங்கைச் சமவெளியின் வண்டல் மண் பெரும்பாலும் இம்முறைக்கு ஏற்றது. ஆயினும் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயரும் இடங்களில் எச்சரிக்கை வேண்டும். நிலத்தடி நீர் 180 சென்டிமீட்டருக்குள் இருக்குமாயின், பள்ளத்தை முழுவதுமோ பகுதியாகவோ தரைக்கு மேல் எழுப்பிய மேட்டில் அமைத்தல் வேண்டும். தக்காணத்துக் கரிசல் மண் ஈரத்தில் வீங்கி நீரை மறுக்கும். கோடையில் வெடித்துப் பிளந்து அந்நீரைச் சுத்தமாகாமலே கீழே விட்டுவிடும். கேரளத்திலும் கொங்கணத்திலும் செம்புரைக் கல் நிலத்தில் நீர் விரைந்து இறங்கும். வீட்டுக்கு வீடு கிணறு உள்ள கேரளத்தில் 18 மீட்டர் என்னும் விதியைக் காப்பது எளிதன்று. நீர் 25 மில்லிமீட்டர் இறங்க 60 நிமிடத்திற்கு மேல் ஆகும் மண்ணில் உறிஞ்சு பள்ளமே பயன்படாது; வேறு வகைச் சுத்திகரிப்பை நாட வேண்டும்.

இடமற்றவர் என்ன செய்வது என்னும் வினா நியாயமானதே. முப்பதுக்கு நாற்பது அடி மனையில் வீட்டையும் கிணற்றையும் கழிவுநீர்ப் பள்ளத்தையும் விதிப்படி அமைத்தல் இயலாது. ஒரு வீட்டின் மனையில் இயலாததைப் பல வீடுகள் கூடிச் செய்யலாம். புதிய மனைப்பிரிவுகளிற் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கப்படும் நிலத்தில் ஒரு பகுதியை வேலியிட்டு, பல வீடுகளின் தொட்டிநீரைக் குழாய் வழியே கொணர்ந்து, புல்வெளியின் கீழே பரவச் செய்தல் பொறியியல் முறைப்படி இயலக்கூடியதே. அதற்கும் நிலம் போதாத நெருக்கமான நகர்ப்பகுதிகளில், பாதாளச் சாக்கடை அல்லது பொதுச் சுத்திகரிப்பு நிலையமே வழி. எல்லா இடத்திற்கும் புல்லே மருந்து என்று வாதிடுவது நம் கருத்தன்று. இடம் இருந்தும் அதனைச் சிமெண்டால் மூடுவதையே நாம் மறுக்கிறோம்.

புல்லை வளர்க்கும் முறை எளிது. அருகம்புல்லினும் ஏற்றது நம் சமவெளிகளிற் காண்பதரிது. வடநாட்டார் தூப் என வழங்கும் இப்புல் வெயிலையும் வறட்சியையும் தாங்கும். மிதித்தாலும் மீண்டும் தழைக்கும். மழை தொடங்கும் காலத்தில், மேட்டின்மேல் ஒரு சாண் அளவு நல்ல மண் பரப்பி, புல்தண்டுகளை நான்கு விரல் இடைவெளியில் நட்டால் சில வாரங்களிற் படர்ந்துவிடும். வேர் பிடிக்கும் வரை நீர் தெளித்தால் போதும். பின்னர்க் குழாய் வைத்துப் பாய்ச்சலாகாது. மண் ஏற்கெனவே ஒரு நீரை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதை மறத்தல் கூடாது. உரம் இட வேண்டியதில்லை. மண்வெட்டியால் ஆழக் கொத்துதல், கனமான உருளை உருட்டுதல், வண்டி ஏற்றுதல், பந்தற்கால் நடுதல் ஆகியவற்றை விலக்க வேண்டும். வெட்டிவேர் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் வேரோடும் இயல்பினது. அதனைப் பள்ளத்தின்மேல் அன்றி, மேட்டின் கீழோரத்தில் தள்ளி நட்டால் மண்ணரிப்பைத் தடுக்கும்.

இப்புல் வீட்டுக்காரருக்கு ஓர் அறிவிப்புக் கருவியாகவும் பயன்படும். கோடையில் பள்ளம் செல்லும் தடத்தில் மட்டும் புல் சிறிது பசுமையாக இருப்பது இயல்பு. ஓரிடத்தில் மட்டும் மிகுந்து தழைத்து, கால் வைத்தால் ஈரம் பொங்கி, நாற்றமும் வீசுமாயின், மண் அடைபட்டுவிட்டது அல்லது தொட்டியின் மண்டி பள்ளத்திற்கு வருகிறது என்று அறிய வேண்டும். சிமெண்டுத் தளம் இவ்வெச்சரிக்கையைத் தருவதில்லை. நோய் வந்த பின்னரே அதன் கீழ் நிகழ்ந்தது புலனாகும்.

புல்லினால் மூடலாகாத இடம் ஒன்று உண்டு. அது தொட்டியின் மூடி. அதனைப் புல்லுக்கு அடியிலோ தளத்திற்கு அடியிலோ மறைத்துவிட்டு, பல்லாண்டுகளுக்குப் பின் தேடுவோர் பலர். குறித்த காலத்தில் மண்டியை அகற்றாத தொட்டியில் அது நிறைந்து, பள்ளத்தையும் பாழாக்கும். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இயந்திரம் கொண்டு அதனை அகற்ற வேண்டும். எக்காரணம் பற்றியும் மனிதரைத் தொட்டிக்குள் இறக்கலாகாது. அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு நொடியில் உயிரைக் கவரும். பாதுகாப்பின்றி மனிதரை இவ்வேலையில் ஈடுபடுத்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. சாக்கடையில் இறங்கி மாண்டோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் அளிக்க 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது நன்றே. ஆயினும் எத்தொகையும் ஓர் உயிருக்கு ஈடாகாது. மூடி கண்ணுக்குத் தெரிவதும், உரிய காலத்தில் இயந்திரம் வருவதும், தொழிலாளியின் உயிரைக் காக்கும் செயல்களாகும்.

நகராட்சிகள் வீட்டு வரைபடத்திற்கு அனுமதி வழங்கும்போது தொட்டியின் அளவை மட்டும் பார்ப்பது போதாது. அந்நீர் சேரும் நிலம் எங்கே, அம்மண்ணைப் பரிசோதித்தனரா, அதன்மேல் தளம் இடப்படுமா என்றும் வினவுதல் வேண்டும். 2017-ஆம் ஆண்டில் வெளியான மலக்கசடு மேலாண்மை பற்றிய தேசியக் கொள்கை, மண்டியை அகற்றிச் சுத்திகரிப்பதில் நாட்டின் கவனத்தைத் திருப்பியது. அதே கவனம் தொட்டியிலிருந்து நாள்தோறும் வெளியேறும் நீரின்மீதும் செல்ல வேண்டும். பாலிடெக்னிக்குகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் கொத்து வேலை பயில்வோர், தொட்டி கட்டுவதோடு மண் பரிசோதனையையும் கற்றுத் தேர்தல் வேண்டும்.

வீடு கட்டுவோர் சட்டத்தை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. முற்றத்திற்குச் சிமெண்டு வாங்குமுன், கழிவுநீர் எவ்வழிச் செல்கிறது என்று கொத்தனாரை ஒருமுறை கேட்டறிக. சாக்கடைக்குச் செல்கிறது என்று அவர் கூறுவாராயின், முன்னூறு சதுர அடி நிலத்தை மண்ணுக்கும் புல்லுக்கும் விட இயலுமா என்று ஆராய்க. அண்டை வீட்டுக் குழந்தை பருகும் நீர் அந்த நிலத்தைப் பொறுத்தது.